கதவு திறந்த கல்லூரி: அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகம்

முன்னுரை

பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதல் எங்களை எதிர்ப்படுவோர் அனைவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அடுத்து எந்தக் குரூப்?" கணிதமா, உயிரியலா, வணிகவியலா என்று பதினைந்து வயதிலேயே முடிவு கட்ட வேண்டியவர்களாய் நாங்கள் நிற்கிறோம். அந்த முடிவு கல்லூரிப் படிப்பையும், அதன்பின் வரும் வாழ்க்கையையும் பெரும்பாலும் வரையறுத்து விடுகிறது. வேறு நாடுகளில் எங்கள் வயது மாணவியர் எப்போது தேர்ந்தெடுக்கிறார்கள்? கல்லூரியில் எவ்வாறு கற்கிறார்கள்? இவற்றை அறியும் ஆவலே இக்கட்டுரைக்கு வித்து.

உலகப் புகழ் பெற்ற பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாங்கள் எடுத்துக்கொண்டது சிறியதாய்த் தொடங்கி வேகமாய் வளர்ந்து வரும் ஒன்று. அதற்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. சகோதரிகளும் பெற்றோரும் தோழியரும் எங்களோடு சற்றே கடல் கடந்து வருமாறு அழைக்கிறோம்.

இருப்பிடமும் பெயரும்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கில்டேர் மாவட்டத்தில் உள்ளது மேனூத் என்னும் சிற்றூர். ஐரிஷ் மொழியில் 'மை நூத்' என்றால் நூவா என்ற பழங்கதைத் தலைவனின் சமவெளி என்பது பொருள். ஊரின் ஒரு பக்கம் ராயல் கால்வாய் அமைதியாய் ஓடுகிறது. அதையொட்டி டப்ளினுக்குச் செல்லும் இரயில் பாதை. கல்லூரி வாயிலருகே கில்டேர் பிரபுக்களின் இடிந்த கோட்டை நிற்கிறது. மாணவர் தொகை இன்று 15,000 என்ற அளவை எட்டிவிட்டது. ஊர் மக்கள் தொகையும் ஏறத்தாழ அதற்கு நிகர்தான்! ஆகவே இதை அயர்லாந்தின் பல்கலைக்கழக ஊர் என்றே அழைக்கிறார்கள். டப்ளினிலுள்ள மிகப் பெரிய பல்கலைக்கழகத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் படிப்பதால், அதனோடு ஒப்பிடும்போது மேனூத் இன்னும் சிறியதே.

தோன்றிய வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் கத்தோலிக்கர் கடுஞ்சட்டங்களால் ஒடுக்கப்பட்டனர். தம் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பவும் தடை இருந்தது. குருவாக விரும்பிய இளைஞர் கப்பலேறிப் பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குச் சென்று படித்தனர். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபின் அங்கிருந்த ஐரிஷ் கல்லூரிகள் மூடப்பட்டன. புரட்சிக் கருத்துகள் பரவிவிடுமோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு. படிக்க இடமில்லையே என்ற கவலை ஆயர்களுக்கு. இவ்விரண்டும் ஒன்று சேர்ந்ததன் விளைவாக 1795-இல் அயர்லாந்து பாராளுமன்றம் சட்டம் இயற்ற, மேனூத்தில் புனித பேட்ரிக் கல்லூரி பிறந்தது.

தொடக்கத்தில் சில காலம் பொதுநிலை இளைஞர்க்கும் அங்கே ஒரு தனிக் கல்லூரி இருந்தது. 1817-இல் அது நின்றுபோனது. அதன்பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அது குருமாணவர்க்கு மட்டுமே உரிய இல்லமாய் விளங்கியது. 1896-இல் திருத்தந்தையின் பட்டயம் பெற்று இறையியல் பட்டங்கள் வழங்கும் உரிமையை அடைந்தது. 1910-இல் அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமும் கிடைத்தது.

சென்னை உறவு என்றோமே, அது இதுதான்: மேனூத் கல்லூரியில் பொருளாளராய்ப் பணியாற்றிய ஜான் பென்னெல்லி அடிகளார் 1841-இல் சென்னைக்கு ஆயராக நியமிக்கப்பட்டார். அதே காலத்தில், 1842-இல், பிரசன்டேஷன் சபைச் சகோதரியர் அயர்லாந்திலிருந்து சென்னை வந்து கல்விப் பணியைத் தொடங்கினர். நம் மாநிலத்துப் பெண்கள் கல்வியின் வேர்களில் ஒன்று அந்தப் பச்சைத் தீவில் ஊன்றியிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

கதவு திறந்த ஆண்டு

அயர்லாந்தில் பெண்களுக்குப் பட்டம் எளிதில் கிட்டவில்லை. 1884-இல் ராயல் பல்கலைக்கழகத்தில் ஒன்பது பெண்கள் பட்டம் பெற்றனர். அந்நாட்டின் முதல் பெண் பட்டதாரிகள் அவர்களே. 1592-இல் தொடங்கிய டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1904-இல்தான். மேனூத்தோ குருமடமாயிருந்தமையால் இன்னும் தாமதித்தது.

1966-ஆம் ஆண்டு அக்கல்லூரியின் வரலாற்றில் பொன்னான ஆண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து ஓராண்டுகூட நிறையாத வேளை. பொதுநிலையினரும் துறவறச் சகோதரியரும் உள்ளே வந்து படிக்கலாம் என்று மேனூத் தன் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டே, 1967-இல், அயர்லாந்து அரசு உயர்நிலைக் கல்வியை இலவசமாக்கியது. அதனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பல்கலைக்கழக வாயிலை எட்டினர். 1970-கள் முடிவதற்குள் குருமாணவரைவிடப் பொதுநிலை மாணவர் தொகை மிகுந்துவிட்டது.

1997-இல் இயற்றப்பட்ட பல்கலைக்கழகச் சட்டம் அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரித்தது. குருமடமும் இறையியல் கல்வியும் புனித பேட்ரிக் கல்லூரியிலேயே நீடித்தன. கலையும் அறிவியலும் தனிப் பல்கலைக்கழகமாயின. 2014 முதல் அது 'மேனூத் பல்கலைக்கழகம்' என்ற பெயரால் வழங்குகிறது. இன்றும் இரண்டும் அண்டை வீட்டாராகவே வாழ்கின்றன. சாலைக்குத் தெற்கே பழைய கற்கட்டடங்களும் சிற்றாலயமும், வடக்கே புதிய வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும். 2021-இல் ஈவா லெய்னோனென் என்ற பேராசிரியை அதன் தலைவராய்ப் பொறுப்பேற்றார். பெண்களுக்கு 1966 வரை இடமில்லாதிருந்த வளாகத்தில், 55 ஆண்டுகளில் ஒரு பெண் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். இதை வாசித்தபோது எங்கள் மனம் நிமிர்ந்தது.

சேர்வது எப்படி?

அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கு 'லீவிங் சர்டிபிகேட்' என்று பெயர். ஜூன் மாதத்தில் நடக்கும். பெரும்பாலோர் ஏழு பாடம் எழுதுவர். அவற்றுள் மிகச் சிறந்த ஆறு பாடங்களின் புள்ளிகளே கணக்கிடப்படும். மேல்நிலைத் தாளில் 90-க்கு மேல் பெற்றால் 100 புள்ளி, 80-க்கு மேல் பெற்றால் 88 புள்ளி என்று படிப்படியாய் இறங்கும். மேல்நிலைக் கணிதத்தில் தேறியவர்க்கு 2012 முதல் 25 புள்ளி கூடுதலாய் அளிக்கிறார்கள். ஆக, ஒருவர் பெறக்கூடிய உச்சம் 625.

எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்ப நிலையம் உண்டு. மாணவி தன் விருப்பப் படிப்புகளை வரிசைப்படுத்தி அனுப்பிவிட்டு, தேர்வு எழுதிய பின்னும் ஜூலை முதல் நாள் வரை அந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஆகஸ்டில் முடிவு வரும். இடங்கள் குறைவாகவும் விரும்புவோர் அதிகமாகவும் இருந்தால் புள்ளி உயரும், இல்லையேல் தாழும். நம் ஊர் 'கட்-ஆஃப்' போன்றதே! புள்ளி அதிகம் கேட்கும் படிப்பே சிறந்த படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. போட்டி அதிகம் என்பதே அதன் பொருள். இதை நம் பெற்றோரும் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

வறிய குடும்பத்தினர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் புள்ளியில் சலுகை தரும் திட்டங்கள் உள்ளன. குடும்பத்தில் முதன்முதலாய்க் கல்லூரி காண்பவர், நடுவயதில் படிக்க வருவோர், நாடோடி இனத்தவர் ஆகியோர்க்குக் கைகொடுக்கவும் மேனூத்தில் தனிப் பிரிவு இயங்குகிறது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, படியேற முடியாதவர்க்குக் கையும் நீட்ட வேண்டும் என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள்.

அங்கே படிக்கும் முறை

எங்களை மிகவும் கவர்ந்தது இப்பகுதியே. மேனூத்தில் கலைப் பிரிவில் சேரும் மாணவி முதல் நாளிலேயே "நான் வரலாறு மட்டும்" என்றோ "புவியியல் மட்டும்" என்றோ எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. முதலாண்டில் சில பாடங்களைச் சேர்த்துப் படிக்கிறாள். வரலாறு, புவியியல், மானிடவியல், பொருளியல், கணிதம், ஐரிஷ் மொழி எனப் பலவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பள்ளியில் கேள்விப்படாத பாடத்தையும் சுவைத்துப் பார்க்கலாம். அடுத்த ஆண்டுகளில் மனத்துக்கும் திறமைக்கும் ஒத்ததை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். அறிவியல் பிரிவிலும் இவ்வாறே பொதுவாய்த் தொடங்கிப் பின் சிறப்புப் பாடத்துக்குச் செல்கிறார்கள். சேலைக் கடையில்கூட நாலைந்து சேலையைப் பிரித்துப் பார்த்த பிறகுதானே ஒன்றை வாங்குகிறோம்!

ஆண்டு இரு பருவங்களாய்ப் பிரிந்துள்ளது. கற்பிப்பது மூன்று வகை. பெரிய கூடத்தில் பேராசிரியர் நிகழ்த்தும் விரிவுரை ஒன்று. சிறு குழுவாய் அமர்ந்து விவாதிக்கும் 'டுடோரியல்' மற்றொன்று. ஆய்வுக்கூடப் பயிற்சி மூன்றாவது. டுடோரியலில் மாணவி வாய்மூடி இருத்தல் இயலாது. வாசித்து வந்ததைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். ஏன் அவ்வாறு நினைக்கிறாள் என்று மற்றவர் கேட்பர். ஆசிரியர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் அங்கே பாராட்டு கிடைக்காது. கட்டுரையில் பிறர் கருத்தைத் தன் கருத்தாய்க் காட்டினால் அது பெருங்குற்றம்.

ஓர் ஆண்டின் முழு உழைப்பு 60 அலகு என்று ஐரோப்பா முழுவதும் கணக்கிடப்படுகிறது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180 அலகு. தேர்ச்சிக்கு 40 மதிப்பெண். 70 பெற்றாலே முதல் வகுப்பு! நாங்கள் 95 வாங்கினாலும், "மீதி ஐந்து எங்கே?" என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே இல்லாமலில்லை. அங்கே 70 என்பது சுயசிந்தனைக்குக் கிடைக்கும் அரிய பரிசு. அளவுகோல் வேறு, ஆகவே எண்ணும் வேறு.

இரு அறிவியல் நினைவுகள்

நாங்கள் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டலுக்கும் மேனூத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. நிக்கோலஸ் கேலன் (1799 – 1864) என்ற குருவானவர் 1826 முதல் அங்கே இயற்பியல் பேராசிரியராயிருந்தார். இரும்புத் தண்டின்மேல் தடித்த கம்பியைச் சில சுற்றுகளும், மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகளும் சுற்றி, தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தினார். உடனே மெல்லிய கம்பியில் மிகப் பெரிய மின்னழுத்தம் தோன்றியது. 1836-இல் அவர் உருவாக்கிய அந்தத் தூண்டு சுருளின் தத்துவம்தான் பெட்ரோல் காரில் தீப்பொறி எழுப்பும் சுருளில் இன்றும் வேலை செய்கிறது.

மின்னழுத்தத்தை அளக்க அன்று நல்ல கருவி இல்லை. ஆதலால் மாணவர்களையே கம்பியைத் தொடச் சொல்லி, அவர்கள் துள்ளும் அளவைக் கொண்டு மதிப்பிட்டாராம்! ஒரு மாணவர் மயங்கியே விழுந்துவிட்டார். (தோழியரே, இச்சோதனையை எவரும் செய்து பார்க்க வேண்டாம்.) நெடுங்காலம் இக்கண்டுபிடிப்பின் பெருமை வேறொருவர் பெயரில் வழங்கியது. கேலனின் கருவிகளை மேனூத் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இன்னொருவர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். அவர் மேனூத்தைச் சேர்ந்தவரல்லர். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் மனைவியுடன் ராயல் கால்வாய்க் கரையில் நடந்தபோது, நான்கு கூறுகள் கொண்ட புதுவகை எண்கள் அவர் மனத்தில் பளிச்சிட்டன. உடனே பாலத்துக் கல்லிலேயே அந்தச் சூத்திரத்தைக் கீறினார். அவ்வெண்களைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறும். கணினித் திரையில் உருவங்களைச் சுழற்ற இன்று அவை உதவுகின்றன. மேனூத்தின் கணிதத் துறையினர் 1990 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் அப்பாலத்துக்கு நடைப்பயணம் செல்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நடந்து செல்வோரைப் பார்த்திருக்கிறோம். கணக்குக்காக நடப்போரை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்!

நூலகத்தில் சில கடிதங்கள்

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979 அக்டோபர் முதல் நாள் மேனூத்துக்கு வருகை தந்தார். அவர் பெயரைத் தாங்கிய நூலகம் 1984-இல் திறக்கப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டது. அங்கே பாதுகாக்கப்படும் ஒரு கடிதத் தொகுப்பு நெஞ்சை உருக்குவது.

நைஜீரியாவின் எழுத்தாளர் கென் சரோ-விவா. எண்ணெய் எடுப்பதால் தம் ஓகோனி மக்களின் மண்ணும் நீரும் பாழாவதைக் கண்டு அறவழியில் போராடியவர். இராணுவ அரசு அவரைச் சிறையிலிட்டு, 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் 28 கடிதங்கள் மஜெல்லா மெக்கரன் என்ற ஐரிஷ் அருட்சகோதரிக்கு எழுதியவை. உணவுக் கூடையில் மறைத்து அவை வெளியே கொண்டுவரப்பட்டன. அச்சகோதரி நைஜீரியாவில் பல்லாண்டு ஆசிரியப் பணி ஆற்றியவர். கடிதங்களைப் பத்திரமாய் வைத்திருந்து 2011-இல் மேனூத் நூலகத்துக்கு வழங்கினார். இன்று மாணவர் அவற்றைக் கொண்டு மனித உரிமையையும் சுற்றுச்சூழலையும் கற்கிறார்கள். துறவு வாழ்வு உலகத் துயரத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாணவ வாழ்க்கை

வகுப்பு முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவதோடு படிப்பு முடிவதில்லை. சொற்போர் மன்றம், நாடகக் குழு, இசைக் குழு, தொண்டுச் சங்கம் என்று பல சங்கங்களை மாணவரே நடத்துகிறார்கள். கேலிக் கால்பந்தும், 'கமோகி' என்னும் பெண்கள் ஆடும் மட்டைப் பந்தும் அந்நாட்டுக்கே உரியவை. மாணவர் பேரவைக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடக்கிறது.

தட்பவெப்பமும் நமக்குப் புதுமையே. டிசம்பரில் காலை எட்டரைக்குப் பிறகே கதிரவன் எழுகிறான், மாலை நாலு மணி கடந்ததும் மறைந்துவிடுகிறான். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். முதன்முதலாய் வீட்டைப் பிரிந்தவர்க்கு அந்த இருண்ட குளிர்காலம் பெருஞ்சோதனை. பலர் வெள்ளிக்கிழமை மாலை பெட்டியுடன் ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். நம் விடுதி மாணவியரின் ஏக்கம் அங்கும் உண்டு போலும்!

வளர்ச்சியின் விலை

எல்லாம் இன்பமயம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. மாணவர் பெருகப் பெருகத் தங்குமிடம் அரிதாகிவிட்டது. அயர்லாந்தெங்கும் வீட்டு வாடகை மிக அதிகம். அறை கிடைக்காமல் தினமும் நெடுந்தூரம் பஸ்ஸிலும் இரயிலிலும் வருவோர் பலர். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, விளையாட்டும் இல்லை. வகுப்பும் பயணமுமே மிஞ்சுகின்றன. 1996 முதல் இளநிலைக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றாலும், ஆண்டுதோறும் ஒரு பங்களிப்புத் தொகையை மாணவர் செலுத்த வேண்டும். ஆகவே கடைகளிலும் உணவகங்களிலும் பகுதி நேர வேலை செய்து படிப்போர் ஏராளம்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து செல்வோர்க்குக் கட்டணம் பன்மடங்கு. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே அவர்கள் வேலை செய்யலாம். அதைக் கொண்டு கட்டணம் கட்டிவிடலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால் நம்பிவிடக் கூடாது. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர் வாடகை, உணவு, பயணம் யாவற்றையும் கூட்டிப் பார்த்தல் நலம்.

மேலும், சிறிய கல்லூரியில் ஆசிரியர் மாணவியைப் பெயர் சொல்லி அழைப்பார். கூட்டம் பெருகினால் பெயர் எண்ணாக மாறிவிடும் ஆபத்து உண்டு. மேனூத் வளரும்போதே டுடோரியலைக் கைவிடாமல் காப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

நமக்குரிய பாடம்

இவ்வளவும் படித்தபின் நாங்கள் மனத்திற் கொண்டவை மூன்று.

முதலாவது, ஒரு கல்லூரியின் பெருமை அதன் மதிலின் உயரத்தில் இல்லை; அதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதில் உள்ளது. தொலைவில் கிடைத்த இடத்தைப் பெண் பிள்ளை என்ற காரணத்தால் வேண்டாமென்று விட்ட அக்காமார் நம்மிடையே இருக்கிறார்கள். பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது என்பதை அறிவோம். ஆயினும் விடுதி, பாதுகாப்பு, செலவு என்று ஒவ்வொன்றையும் விசாரித்த பிறகு முடிவெடுக்குமாறும், விசாரிக்குமுன் கதவைச் சாத்திவிட வேண்டாமென்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, தேர்ந்தெடுக்குமுன் அறிமுகம் வேண்டும். அயர்லாந்துப் பள்ளிகளில் எங்கள் வயதினர்க்கு 'டிரான்சிஷன் இயர்' என்ற ஓர் ஆண்டு உண்டு. 1974-இல் தொடங்கிய இத்திட்டத்தில் பொதுத் தேர்வுப் பளு இல்லை. வேலையிடங்களில் பயிற்சி, சமூகத் தொண்டு, நாடகம், புதிய பாடங்கள் ஆகியவற்றில் ஈடுபட்டுத் தம் நாட்டம் எதில் என்று கண்டுகொள்கிறார்கள். நமக்கு ஓர் ஆண்டு கிடைக்காது. ஒரு வாரம் கிடைக்கலாமே! ஒவ்வொரு குரூப்பின் வகுப்பிலும் ஒரு நாள் பதினொன்றாம் வகுப்பு அக்காமார் அருகே அமர்ந்து கேட்க எங்களை அனுமதிக்குமாறு தலைமையாசிரியைச் சகோதரியை வேண்டுகிறோம். விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது, "தோழி எடுத்தாள், நானும் எடுத்தேன்" என்ற நிலை அப்போது இராது.

மூன்றாவது, வாய் திறந்து பேசப் பழக வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்டால் பிறர் சிரிப்பரோ என்று தயங்கித் தயங்கியே பத்து ஆண்டுகள் கழித்துவிட்டோம். சிரிப்பவர்களும் நாம்தானே! அதை நிறுத்துவது நம் கையிலேயே உள்ளது.

முடிவுரை

நாங்கள் எல்லாரும் மேனூத் செல்லப் போவதில்லை. ஒருவேளை எவரும் செல்லாமலும் இருக்கலாம். ஆயினும் நூற்றைம்பது ஆண்டு மூடியிருந்த கதவு ஒரு நாள் திறந்ததும், திறந்தபின் உள்ளே வந்தவர்களால் அந்தக் கல்லூரியே வளர்ந்ததும் நமக்கு ஊக்கம் தரும் செய்திகள். வரும் ஜூனில் நாங்கள் எழுதப் போகும் குரூப் விண்ணப்பம் சிறு தாள்தான். அதை அச்சத்தோடன்றி அறிவோடு எழுத எங்கள் ஆசிரியைகளும் பெற்றோரும் துணை நிற்க வேண்டுமென்பதே எங்கள் அவா.

— பத்தாம் வகுப்பு மாணவி